கடிகாரம் எதற்கு?

"நேரம் எங்கே இருக்கிறது, தோழர்?"

கிளைக் கூட்டத்துக்கு வராதவரைக் கேட்டால் கிடைக்கும் விடை இது. படிப்பகத்துப் பக்கம் மாதக் கணக்கில் தலைகாட்டாதவரைக் கேட்டாலும் இதே விடைதான். பக்கத்துத் தெருவில் நடந்த சாவுக்குப் பதினாறாம் நாள் போய் நிற்பவரும் இதையேதான் சொல்கிறார். நேரம் இல்லை, இருந்தால் வந்திருப்போம், கிடைக்கட்டும், பிறகு பாருங்கள்!

நம்பக்கூடிய விடைதான். பத்து மணி, பன்னிரண்டு மணி நேரம் உடலைப் பிழிந்து கொடுத்துவிட்டு, பஸ்ஸில் தொங்கியபடி வீடு திரும்புகிறவனிடம், "நாலு பேரோடு கூடி நாலு வார்த்தை பேசக்கூடாதா?" என்று உபதேசம் செய்ய யாருக்கு மனம் வரும்? எட்டு மணி வேலை, எட்டு மணி உறக்கம், மிச்சமுள்ள எட்டு மணி எங்களுக்கு என்று கேட்டுத்தானே உலகெங்கும் தொழிலாளி தடியடி பட்டான், சிறை சென்றான், உயிரும் கொடுத்தான்! அந்த மே தினத்தைத்தானே 1923-இல் சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் முதன்முதலாகக் கொண்டாடினார்!

ஆனால் ஒன்று கேட்டுப் பார்ப்போம். எட்டு மணி என்ன, இருபத்து நான்கு மணியும் உனக்கே என்று கொடுத்துவிட்டால்? சங்கு ஊதாது, மேஸ்திரி அதட்டமாட்டான், ஷிப்ட் கிடையாது, பொழுது விடிந்து பொழுது போகும்வரை நேரமே நேரம் என்று ஆகிவிட்டால், அப்போது மனிதர் கூடுவார்களா? படிப்பார்களா? பாடுவார்களா? பந்தாடுவார்களா?

கற்பனைக் கேள்வி அல்ல, தோழர்களே! ஓர் ஊர் முழுவதும் இந்தச் சோதனைக்கு ஆளானது. விரும்பி ஆளாகவில்லை, ஆலைக் கதவு சாத்தப்பட்டதால் ஆளானது.

ஆஸ்திரியாவின் தலைநகர் வியன்னா. அதற்குத் தென்கிழக்கே கிராமட்நாய்சீடல் என்னும் ஊர். அதை ஒட்டினாற்போல் மரியந்தால் என்னும் தொழிலாளர் குடியிருப்பு. 1830-இல் அங்கே ஒரு முதலாளி நூற்பாலை வைத்தார். நூறு ஆண்டுக் காலம் ஆலை வளர்ந்தது. அதைச் சுற்றி ஊர் வளர்ந்தது. பஞ்சாலை ஊர் எப்படி இருக்கும் என்று கோவையிலும் மதுரையிலும் பெரம்பூரிலும் இருப்பவர்களுக்கு விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. அப்பன் வேலை பார்த்த இடத்தில் மகன். அக்காள் நின்ற தறியில் தங்கை. சம்பளம் கொழுத்த சம்பளம் அல்ல. ஆனாலும் அந்தக் குடியிருப்பில் தொழிலாளர்களுக்கென்று நூலகம் இருந்தது. நாடகக் குழு இருந்தது, பாட்டுக் குழு இருந்தது, உடற்பயிற்சிக் கழகம் இருந்தது, பந்தாட்டக் குழு இருந்தது. கட்சியின் நாளேடு வீடு தேடி வந்தது. ஊருக்கு நடுவே பழைய மாளிகைத் தோட்டம் ஒன்று. ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் அதன் பெஞ்சுகளில் ஊரே உட்கார்ந்திருக்கும்.

1929-இன் நடுவில் நூற்புப் பகுதி மூடப்பட்டது. 1930 பிப்ரவரிக்குள் தறிகளும் நின்றன. பிறகு கட்டடங்களையே இடிக்கத் தொடங்கினார்கள்! அன்று மரியந்தாலில் 478 குடும்பங்கள், 1,486 உயிர்கள். நான்கில் மூன்று பங்குக் குடும்பங்கள் சர்க்கார் தரும் வேலையில்லாதோர் உதவித் தொகையை நம்பி வாழ்ந்தன. ஒரே தொழில், ஒரே முதலாளி என்றிருந்த ஊர். அது போனதும் ஊர் முழுவதும் ஒரே நாளில் ஓய்வு பெற்றுவிட்டது!

இந்த ஊரை உலகம் ஏன் அறிந்தது என்பதும் ஒரு கதை. வியன்னாவில் இளம் ஆராய்ச்சியாளர் சிலர் இருந்தனர். மரீ யஹோடா என்ற பெண், பால் லாசர்ஸ்ஃபெல்ட், ஹான்ஸ் சைசல் ஆகியோர். வேலை நேரம் குறைந்த பிறகு தொழிலாளி தன் ஓய்வு நேரத்தை எப்படிச் செலவிடுகிறான் என்று ஆராய விரும்பிய லாசர்ஸ்ஃபெல்ட், சமூக ஜனநாயகக் கட்சித் தலைவர் ஓட்டோ பாவரிடம் போய் யோசனை கேட்டார். நாடெங்கும் வேலையில்லாத் திண்டாட்டம் தலைவிரித்து ஆடும்போது ஓய்வு நேரத்தையா ஆராய்வது, வேலை இழந்தவனைப் போய்ப் பார் என்று திருப்பி அனுப்பினார் பாவர். அப்படித்தான் 1931-32-இல் அவர்கள் மரியந்தாலுக்குப் போய்ச் சேர்ந்தனர்.

ஓய்வை ஆராயப் புறப்பட்டவர்கள் ஓயாத ஓய்வைக் கண்டார்கள்.

முதலில் நூலகம். ஆலை ஓடிய காலத்தில் நூல் எடுக்கக் கட்டணம் உண்டு. ஆலை மூடியபின் கட்டணத்தையே எடுத்துவிட்டார்கள். காசும் வேண்டாம், நேரமும் கணக்கின்றிக் கிடக்கிறது. எடுத்த நூல்கள் எத்தனை மடங்கு பெருகியிருக்க வேண்டும்? 1929-க்கும் 1931-க்கும் இடையே நூல் எடுப்பது 49 விழுக்காடு குறைந்தது! நாள் முழுவதும் உழைத்துவிட்டு வந்தவன் படித்தான். நாள் முழுவதும் சும்மா இருந்தவன் படிக்கவில்லை.

அடுத்தது ஏடு. நம் போன்ற ஏட்டுக்காரர்களுக்குக் கொஞ்சம் உறைக்கும் செய்தி இது. தொழிலாளர் கட்சியின் அரசியல் நாளேட்டுக்கு 1927-க்கும் 1930-க்கும் இடையே அந்த ஊரில் சந்தா 60 விழுக்காடு விழுந்துவிட்டது. காசில்லாமையால் என்று சொல்லித் தப்ப முடியாது. வேலையில்லாதோருக்கு அந்த ஏடு குறைந்த விலைக்கே கிடைத்தது. அதே கட்சிச் சார்பில் வந்த இன்னொரு ஏடு, படமும் கதையும் பொழுதுபோக்குமாக வந்தது. அதன் சந்தா 27 விழுக்காடுதான் குறைந்தது. நாட்டில் என்ன நடக்கிறது என்று அறியும் ஆவலே வற்றிப்போயிருந்தது.

சங்கங்கள்? உறுப்பினர் தொகை மளமளவென்று சரிந்தது; நேரடியாக ஏதேனும் பணப் பயன் தந்தவை மட்டுமே ஓரளவு தாக்குப்பிடித்தன. நாடகக் குழுவினர், முன்பு ஒத்திகைக்கு நேரம் போதவில்லை என்று தவித்தவர்கள், இப்போது நடிப்பதில் மனம் செல்லவில்லை என்றார்கள். மாளிகைத் தோட்டத்தில் புல்லும் புதரும் மண்டின. களை பிடுங்க ஊரில் கை இல்லையா? ஆயிரம் கை இருந்தது. ஒரு கையும் எழவில்லை.

இன்னொரு கணக்கைக் கேளுங்கள். ஆராய்ச்சியாளர்கள் ஒரு சன்னலருகே உட்கார்ந்து, ஊரின் முதன்மைத் தெருவில் நடப்பவர்களைக் கவனித்தார்கள். ஏறத்தாழ 300 மீட்டர்த் தெரு. நூறு பேர் கடந்தார்கள். 68 ஆண்கள், 32 பெண்கள். நடந்து போகும்போது எத்தனை தடவை நின்றார்கள் என்று எண்ணினார்கள். ஆண்களில் 39 பேர் மூன்று தடவையோ அதற்கு மேலோ நின்றார்கள். ஒரு தடவையும் நிற்காமல் போனவர் ஆறே பேர். பெண்களிலோ மூன்று தடவை நின்றவர் மூன்று பேர்தாம். ஆண்களின் நடை தளர்ந்து கிடந்தது. பெண்கள் விரைந்து நடந்தார்கள்.

இன்னும் ஒன்று: நூறு ஆண்களைப் பார்த்ததில் 88 பேரிடம் கடிகாரம் இல்லை. விற்றுத் தின்றவர் சிலர் இருக்கலாம். ஆனால் வீட்டில் வைத்திருந்தும் கட்டிக்கொள்ளாதவர்களும் இருந்தார்கள். கடிகாரம் எதற்கு? எந்த வேலைக்குப் பிந்திவிடப் போகிறோம்? யார் காத்திருக்கிறார்கள்?

ஒரு நாளை எப்படிக் கழித்தாய் என்று மணிவாரியாக எழுதச் சொன்னால் ஆண்களால் எழுத முடியவில்லை. எழுந்தது நினைவிருக்கிறது, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பியது நினைவிருக்கிறது, பகல் உணவு நினைவிருக்கிறது. இடைப்பட்ட நேரம் எங்கே போயிற்று என்று அவர்களுக்கே தெரியவில்லை. உண்ண அழைத்தால் அதற்கும் நேரத்துக்கு வருவதில்லை என்று மனைவிமார் நொந்துகொண்டார்கள்.

பெண்களுக்கு மட்டும் ஏன் நடை தளரவில்லை? அவர்களுக்கு ஆலைதான் மூடியதே தவிர அடுப்பு மூடவில்லை! பிள்ளையின் கிழிந்த சட்டை காத்திருந்தது. ஆனாலும் அந்தப் பெண்களிடம் கேட்டபோது, வீட்டு வேலை போதாதென்று ஆலை வேலையும் செய்து இரவில் ஓய்ந்து விழுந்த அந்தப் பழைய நாளே மேல் என்றார்கள் பலர். கூலி மட்டும் காரணம் அன்று. நாலு சுவரை விட்டு வெளியே வந்து நாலு மனிதர் முகம் பார்க்க முடிந்தது என்பதும் காரணம். சமையற்கட்டே பெண்ணின் உலகம் என்று இன்னும் பேசித் திரிபவர்கள் இதைக் காதில் போட்டுக்கொள்ளட்டும்.

"எல்லாம் பசி ஐயா! வயிற்றுக்கு இல்லாதவனுக்கு நூலகம் ஒரு கேடா?" என்று கேட்கும் தோழர் சரியாகத்தான் கேட்கிறார். வயிற்றை மறந்துவிட்டு உறவைப் பற்றிப் பேசுவது பணக்காரன் வீட்டுப் பேச்சு. ஆராய்ச்சியாளர்களும் வயிற்றை மறக்கவில்லை. மனம் தளராமல் நிமிர்ந்திருந்த குடும்பங்களில் தலைக்கு மாதம் 34 ஷில்லிங் வரும்படி இருந்தது. அடங்கி ஒடுங்கிவிட்ட குடும்பங்களில் 30. நம்பிக்கை இழந்தவற்றில் 25. எதிலும் பற்றற்றுப்போனவற்றில் 19. படிக்குப் படி காசு குறைய, படிக்குப் படி மனிதர் கீழே இறங்கியிருக்கிறார்கள். ஐந்து ஷில்லிங்தான் ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் உள்ள வேற்றுமை! ஆகவே தோழமையைச் சோற்றுக்கு மாற்றாகச் சொல்ல வருபவன் ஏமாற்றுக்காரன். ஆனால் இரண்டும் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு நிற்பவை. கூலி போனதும் கூட்டம் போயிற்று. கூட்டம் போனதும், கூலியைத் திரும்பக் கேட்கும் குரலும் போயிற்று.

கட்சித் தோழர்கள் உற்றுக் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். நம்மிடையே ஒரு நம்பிக்கை உண்டு. மேடையிலும் அடிக்கடி கேட்கிறோம். துன்பம் முற்றட்டும், மக்கள் தாமாகவே திரண்டு வருவார்கள்; வயிறு எரிந்தால் கொடி தானாக உயரும் என்று. மரியந்தாலில் வயிறு எரிந்தது. கொடி உயரவில்லை. கட்சி உறுப்பினர் தொகையும் குறைந்தது. பக்கத்து வீட்டுக்காரன் உதவித் தொகையும் வாங்கிக்கொண்டு திருட்டுத்தனமாகக் கூலி வேலைக்கும் போகிறான் என்று மொட்டைக் கடிதம் எழுதுவது பெருகியது. விசாரித்துப் பார்த்தால் பெரும்பாலும் பொய். புரட்சி வரவில்லை, மொட்டைக் கடிதம் வந்தது! துன்பம் மனிதரை ஒன்று சேர்ப்பதைவிடப் பிரித்துப் போடுவதே எளிது. சேர்ப்பதற்கு யாராவது மெனக்கெட்டாக வேண்டும்.

அந்த நூல் 1933-இல் வெளிவந்தது. அப்போது ஜெர்மனியில் இட்லர் ஆட்சி ஏறிவிட்டதால், ஆசிரியர்களின் பெயரை முகப்பில் போடாமலே அச்சிட்டார்கள். 1934 பிப்ரவரியில் ஆஸ்திரியாவில் சமூக ஜனநாயகக் கட்சி தடை செய்யப்பட்டது. யஹோடா 1936-இல் சிறைப்பட்டு, 1937-இல் நாட்டை விட்டே வெளியேறி இங்கிலாந்து சேர்ந்தார். அங்கே பல்லாண்டு இதே பொருளைச் சிந்தித்து 1982-இல் வெளியிட்ட நூலில் அவர் கண்ட முடிவு எளியது. வேலை மனிதனுக்குக் கூலி மட்டும் தருவதில்லை. நாளுக்கு ஒரு ஒழுங்கு தருகிறது, வீட்டுக்கு வெளியே மனிதரைத் தருகிறது, தனியொருவனால் ஆகாத ஒரு காரியத்தில் பங்கு தருகிறது, 'நான் இன்னான்' என்று சொல்லிக்கொள்ள ஓர் இடம் தருகிறது, கைகாலை ஓயாமல் இயங்க வைக்கிறது. கூலி நின்றால் உதவித் தொகை கொடுக்கலாம். மற்றவை நின்றால் யார் கொடுப்பது?

இது மனத்தோடு நிற்கும் சங்கதியும் அல்ல. உடலைத் தொடும் சங்கதி. அமெரிக்காவில் கலிபோர்னியாவைச் சேர்ந்த அலமேடா மாவட்டத்தில் 1965-இல் 6,928 பேரிடம் விவரம் எடுத்தார்கள். மணமானவரா, நண்பர் உறவினரோடு போக்குவரத்து உண்டா, வழிபாட்டுச் சபையிலோ வேறு சங்கத்திலோ சேர்ந்தவரா என்றெல்லாம் கேட்டு எழுதிக்கொண்டார்கள். ஒன்பது ஆண்டுகள் கழித்து யார் இருக்கிறார், யார் இல்லை என்று பார்த்தார்கள். பெர்க்மன், சைம் என்ற இரு அறிஞர் 1979-இல் வெளியிட்ட கணக்கு இது: தொடர்பு நிறைந்தவர்களைவிடத் தொடர்பு மிகக் குறைந்தவர்களிடையே சாவு ஆண்களில் 2.3 மடங்கு, பெண்களில் 2.8 மடங்கு. புகை, குடி, பருமன் எல்லாவற்றையும் கணக்கில் கொண்ட பிறகும் இந்த வேற்றுமை கரையவில்லை. 2025 ஜூனில் உலகச் சுகாதார நிறுவனம் வெளியிட்ட அறிக்கையோ, உலகில் ஆறில் ஒருவர் தனிமையால் வாடுகிறார் என்றும், அதனால் ஆண்டுக்கு ஏறத்தாழ 8,71,000 சாவுகள் என்றும் மதிப்பிடுகிறது. மணிக்கு நூறு பேர்!

சர்க்கார்களும் விழித்துக்கொண்டன. பிரிட்டனில் 2018-இல் தனிமை ஒழிப்பைக் கவனிக்க ஓர் அமைச்சரையே நியமித்தார்கள். நல்லது. ஆனால் அதே பத்தாண்டுகளில் அந்நாட்டில் நூற்றுக்கணக்கான பொது நூலகங்கள் பணமில்லை என்று மூடப்பட்டன. நாலு பேர் சேரும் இடத்துக்குப் பூட்டு. நாலு பேர் சேரவில்லையே என்று கவலைப்பட ஓர் அமைச்சர்!

மனிதர் சேர வேண்டும் என்றால் எதற்காகச் சேர்வது? "வாருங்கள், பழகுவோம்" என்று யாரும் யாரையும் அழைப்பதில்லை. அழைத்தாலும் இரண்டாம் நாள் வரமாட்டார்கள். ஒரு காரியம் வேண்டும். ஓர் ஊர்க் காரியம், ஒரு தொழிற்காரியம், குறைந்தது ஒரு பந்தாட்டம். காரியத்துக்காகக் கூடியவர்கள்தாம் பிறகு பழகுகிறார்கள். நம் பெரம்பூரே சான்று. பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகளின் தொழிலாளிகள் அங்கே வேங்கடேச குணாமிர்த வர்ஷிணி சபை என்ற சபைக்குச் சொற்பொழிவு கேட்க வருவார்கள். சபையை நடத்திய செல்வபதி செட்டியாரும் இராமானுஜலு நாயுடுவும் கடைக்காரர்கள். தொழிலாளியின் வாடிக்கையால் வாழ்ந்தவர்கள். மதிய உணவுக்கு விடும் நேரம் சோற்றை விழுங்கவும் போதவில்லை என்பது முதலான குறைகளைத் தொழிலாளிகள் அந்தக் கடைகளில்தான் சொல்லி ஆற்றிக்கொண்டார்கள். அந்தப் பேச்சு வளர்ந்து, பி.பி. வாடியாவை அழைத்து வந்து, திரு.வி.க.வையும் சேர்த்துக்கொண்டு, 1918 ஏப்ரல் 27-இல் சென்னைத் தொழிலாளர் சங்கமாயிற்று.

சபை என்றதும் முகம் சுளிக்கும் தோழர்கள் கொஞ்சம் பொறுக்க வேண்டும். அந்த மனிதர்களுக்கு அன்று வேறு கூடுமிடம் யார் கட்டி வைத்திருந்தார்கள்? கூடினார்கள், கூடியதால் பேசினார்கள், பேசியதால் தங்கள் துன்பம் தனித் துன்பம் அல்ல என்று கண்டார்கள். சபையில் கேட்டது வேறு, கண்டது வேறு!

கூட்டம் என்றாலே நல்லது என்றும் நினைத்துவிட வேண்டாம். அதே ஆலைகளில் 1921-இல் நடந்த வேலைநிறுத்தத்தின்போது தொழிலாளர் சாதிவழியே பிளந்தார்கள். புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன, உயிர்கள் போயின. தறியருகே தோளோடு தோள் நின்றவர்கள் சேரிக்கும் ஊருக்கும் இடையே கத்தியோடு நின்றார்கள். சாதிச் சங்கமும் உறவுதான். அங்கும் இழவுக்கு வருவார்கள், கலியாணத்துக்கு மொய் எழுதுவார்கள். ஆனால் அந்த வாசலில் பிறப்பைக் கேட்டுத்தான் உள்ளே விடுவார்கள். படிப்பகத்தின் வாசலில் அந்தக் கேள்வி கிடையாது என்பதனால்தான் படிப்பகம் வேண்டும் என்கிறோம்.

அந்தப் பெரம்பூர் ஆலை 1996-இல் மூடப்பட்டது. பின்னாளில் அந்தக் கூடங்களில் சினிமாப் படம் பிடித்தார்கள். மரியந்தாலைப்போல அங்கே போய்த் தெருவில் நின்று எண்ணிய ஆராய்ச்சியாளர் உண்டா என்றால், கிளைத் தோழர்களையே கேட்க வேண்டும். வேலை போன எத்தனை பேர் ஆறு மாதத்தில் டீக்கடை பெஞ்சுக்கு வருவதை நிறுத்தினார்கள், எத்தனை பேர் தெருவைச் சுற்றிக்கொண்டு வேறு வழியாகப் போனார்கள், எத்தனை பேர் குடியில் விழுந்தார்கள் என்பது அந்தந்தத் தெருத் தோழருக்குத் தெரியும். டீக்கு நாலு காசு கொடுக்க முடியாதவன் டீக்கடைக்கு வரமாட்டான்; வந்தால் பிறர் வாங்கித் தர வேண்டியிருக்குமே என்ற மானம் அவனைத் தடுக்கிறது. நாம் அதைத் 'தலைக்கனம்' என்று எழுதிவைக்கிறோம்.

இன்றைக்கு வேலை இருப்பவனே ஆலை வாசல் இல்லாமல் இருக்கிறான். வீடு வீடாக உணவுப் பொட்டலம் கொண்டு செல்லும் இளைஞனுக்கு மேஸ்திரி ஒரு கைப்பேசி. அது அழைக்கும், அது விரட்டும், அது அபராதம் போடும். அவனுக்குக் கூட்டாளி யார்? உணவு விடுதிக்கு எதிரே மர நிழலில் வண்டியை நிறுத்திக்கொண்டு காத்திருக்கிறார்களே, அந்த நாலைந்து பேர்தாம். அந்த மர நிழல்தான் அவனுடைய ஆலை வாசல். ஒப்பந்தக் கூலிகளும் அப்படியே. ஆறு மாதத்துக்கு ஓர் ஒப்பந்தக்காரன், ஓர் இடம், ஒரு புதுக் கூட்டம். முகம் பழகுமுன் ஆள் மாறிவிடுகிறது. இவர்களைப் பார்த்துப் படிப்பகத்துக்கு ஏன் வரவில்லை என்று கேட்பதில் பொருளில்லை. படிப்பகம் மரத்தடிக்குப் போக வேண்டும்.

மரியந்தாலின் கதை 1933-ஓடு முடியவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2020 அக்டோபரில் அதே கிராமட்நாய்சீடலில் ஒரு புதுச் சோதனை தொடங்கிற்று. ஓராண்டுக்கு மேல் வேலையின்றி இருந்த ஊரார் ஒவ்வொருவருக்கும், விரும்பினால், கூலியோடு வேலை என்று சர்க்காரின் வேலைவாய்ப்பு நிலையம் உறுதி கொடுத்தது. முதலில் சில வாரப் பயிற்சி, பிறகு வேலை. பழைய மரச் சாமான்களைச் செப்பனிடுவது, தோட்டம் பார்ப்பது, ஊர்ப் பொது இடங்களைச் சீர்செய்வது என்று அவரவர்க்கு ஆன வேலை. மறுத்தவர்களைத் தண்டிக்கவில்லை. ஆக்ஸ்போர்டுப் பொருளாதார அறிஞர்கள் கூடவே இருந்து கணக்கெடுத்தார்கள். வேலை பெற்றவர்களின் வருமானம் மட்டும் அன்று, நாளின் ஒழுங்கு, பிறரோடு பழக்கம், ஊரில் தமக்கும் இடமுண்டு என்ற உணர்வு எல்லாம் மேலேறின. உடல்நலத்தில் அப்படிப்பட்ட மாறுதல் தெரியவில்லை என்பதையும் மறைக்காமல் எழுதியிருக்கிறார்கள். 2024 வரை நடந்த சோதனை அது. 1930-இல் களை பிடுங்க ஒரு கையும் எழாத ஊரில், தொண்ணூறு ஆண்டு கழித்து, கூலி கொடுத்துக் கூப்பிட்டதும் கைகள் எழுந்தன!

வேலை கொடுப்பது சர்க்காரின் கடமை. அதைக் கேட்டுப் பெறும் போராட்டம் அதன் வழியில் நடக்கும். அதுவரை கிளைத் தோழர் என்ன செய்வது? வராதவர் வீட்டுக்குப் போக வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான். எப்படிப் போவது என்பதில்தான் சூட்சுமம். வெறுங்கையோடு போய், "ஏன் தோழர் வருவதில்லை?" என்றால் அவர் தலை இன்னும் கவிழும். அது விசாரணை.

வியன்னாவிலிருந்து மரியந்தாலுக்குப் போன அந்த ஆராய்ச்சியாளர்கள் தங்களுக்குள் ஒரு விதி வைத்திருந்தார்கள். வெறுமனே வேடிக்கை பார்க்க ஒருவரும் ஊருக்குள் நுழையக்கூடாது. நுழைகிறவர் ஊருக்கு உதவும் ஒரு காரியத்தோடு நுழைய வேண்டும். ஆகவே முதலில் வியன்னாவில் பழைய துணிகளைத் திரட்டினார்கள். வீடு வீடாகப் போய், உங்கள் வீட்டில் யாருக்கு என்ன துணி வேண்டும், எந்த அளவு வேண்டும் என்று கேட்டுக் குறித்துக்கொண்டார்கள். மருத்துவர் வந்து இலவசமாக நோய் பார்த்தார். பெண்களுக்குத் துணி வெட்டும் வகுப்பு, சிறுமியருக்கு உடற்பயிற்சி வகுப்பு நடத்தினார்கள். துணி அளவு கேட்கப் போன இடத்தில்தான் மனிதர் வாய் திறந்தார்கள். பிள்ளையின் காற்சட்டை அளவில் தொடங்கிய பேச்சு, ஆலை ஓடிய நாளுக்குப் போய், தூங்காத இரவுக்கு வந்தது.

நம் தெருவிலும் பி.எஃப். பணத்துக்கு எழுதிப் போட்டு வராமல் நிற்பவர் உண்டு. ரேஷன் அட்டையில் பெயர் விட்டுப்போன மருமகள் உண்டு. முதியோர் உதவித் தொகைக்கு மனு எழுதத் தெரியாத கிழவி உண்டு. வராத தோழரின் வீட்டுக்குப் போகும்போது அந்த மனுவையும் ஒரு பேனாவையும் எடுத்துக்கொண்டு போங்கள். அவருக்கு எழுதிக்கொடுங்கள். முடிந்ததும், அடுத்த வீட்டுக் கிழவியின் மனுவை அவரையே எழுதச் சொல்லுங்கள். நாளைக் காலை பத்து மணிக்குத் தாலுகா அலுவலகத்தில் கொடுக்க வேண்டும், கிழவி வாசலில் காத்திருப்பாள் என்று சொல்லிவிட்டு வாருங்கள்.